வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காஜாக்காரி. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றித் தைக்கும் காஜா மெஷின் அவள் கையில் இருந்தால் அந்த வரிசையில் யாருக்கும் கவலை இல்லை. பிசிறு வெட்டுகிற பெண்ணாக உள்ளே நுழைந்து, பிள்ளை பெற்ற கையோடு திரும்பி வந்து, திட்டு வாங்கி, திட்டவும் கற்றுக்கொண்டவள். அடுத்த மாதத்திலிருந்து அவள்தான் சூப்பர்வைசர் என்று பேச்சாகியிருந்தது. வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய் இல்லையென்றால் இன்றைக்கும் பிசிறுதான் வெட்டிக்கொண்டிருப்பாள்.

அன்று காலை அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் வந்தாரும்மா," என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமலே. "இனிமே நீ வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனார்."

"நான் சொன்னேனா சார்?"

"அவர் சொன்னா போதாதா? நாளைக்கு அவர் வந்து கேட்ல நின்னு கத்தினா யார் பதில் சொல்றது?"

அந்தக் கம்பெனியில் அதுதான் வழக்கம். புருஷன், அப்பன், அண்ணன், எவனாவது ஒருத்தன் வந்து வாசலில் சொன்னால் போதும், பெண் வேலையை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். இதே மேனேஜர்தான் போன வாரம் கம்பெனி விழாவில் விருந்தாளிகளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, பெண்கள் வேலைக்கு வந்தால்தான் நாடு முன்னேறும் என்று முழங்கினார். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்டாட்டி சூப்பர்வைசர் ஆகப்போகிறாள் என்றதும் புருஷன் வேலை பார்க்கும் பைக் ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளிகள் அவனைக் கிண்டலடித்திருக்கிறார்கள். வீட்டில் சண்டை போடத் துப்பில்லை, அவள் ஜெயித்துவிடுவாள். அதனால் பின்பக்கமாக வந்து கழுத்தறுத்துவிட்டான்.

அவள் நேராக அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். எண்ணெய்க் கையோடு பைக்கின் பக்கத்தில் குந்தியிருந்த புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இனிமே இவர் வேலைக்கு வரமாட்டார். வேற ஆளைப் பாத்துக்குங்க."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். வண்டி விட வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "என்ன தங்கச்சி, காலங்காத்தாலே காமெடி பண்றே!"

"நல்லா சிரிங்கண்ணே. இதையேதான் நேத்து இவர் எங்க கம்பெனில வந்து சொன்னார். அங்க ஒருத்தரும் சிரிக்கல. என் மெஷின்ல வேற ஆளை உட்கார வெச்சுட்டாங்க."

சிரிப்பு நின்றுபோனது.

"வீட்டுக்குப் போ, அப்புறம் பேசிக்கலாம்," என்று பல்லைக் கடித்தான் புருஷன்.

"வீட்ல பேசியிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? சொன்ன வாயாலேயே இல்லன்னு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நகரமாட்டேன்." அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லித் தொலைடா," என்றார் முதலாளி. "உங்க பஞ்சாயத்துக்கு என் கடைதான் கிடைச்சுதா?"

கம்பெனியில் மேனேஜர் எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டார். அவள் நின்றாள்.

"அப்போ நீங்க சம்மதிக்கிறீங்களா சார்?" என்று அவனிடம் கேட்டார் மேனேஜர்.

அவன் காலரைச் சரிசெய்துகொண்டான். ஏதோ தானம் கொடுக்கிற தோரணையில், "சரி, வரட்டும்," என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நாளைக்கு இவர் மண்டையைப் போட்டுட்டா, யார்கிட்ட சார் சம்மதம் கேப்பீங்க?"

புருஷன் முகம் செத்துப்போனது. மேனேஜர், "இந்த வாயை வெச்சுக்கிட்டு சூப்பர்வைசர் வேலை சரிப்படாதும்மா. நீ மெஷினுக்கே போ," என்றார்.

மெஷின் கிடைத்தது, அதோடு சரி. அடுத்த மாதம் சூப்பர்வைசராக வந்தவன் ஒரு ஆண். வந்த அன்றே காஜாக்காரி வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அவனிடம் கேட்டாள்.

"ஏன் தம்பி, இந்த வேலைக்கு உங்க வீட்டுக்காரம்மா சம்மதிச்சாங்களா?"

ஏதோ ஜோக் என்று நினைத்து அவன் மட்டும் சிரித்தான்.