கழற்றி வைத்த ஃபில்டர்

தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு படமெடுப்பதால் அவரைப் போர்வைக்காரர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். ஐம்பத்தைந்து வயது. கட்டடங்களைப் படமெடுப்பது தொழில். உள்ளங்கை அளவு பிலிமை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கும் பெரிய கேமரா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியில் இருந்தார். அக்காவுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை.

ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறவிருந்தது. பழைய கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுக்க ஆள் தேடியபோது அக்காதான் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள்.

"என் தம்பி எடுத்தா ஒரு முடிகூடத் தப்பாது சார்."

தொண்ணூறு பேர். பின்னால் நகர வழியில்லை. போர்வைக்காரரின் முதுகு சுவரில் இடித்தது. வைடு லென்ஸைப் போட்டால்தான் எல்லோரும் அடங்குவார்கள். அந்த லென்ஸ் நடுவில் வெளிச்சத்தைக் கொட்டும், ஓரத்துக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் சென்டர் ஃபில்டர்: நடுவில் கறுத்து, ஓரம் தெளிந்த வட்டக் கண்ணாடி. மாட்டினால் படம் முழுக்க ஒரே வெளிச்சம். ஆனால் அரை விநாடி வேலைக்கு ஒன்றரை விநாடி ஆகும். அதுவரை யாரும் அசையக் கூடாது.

முதல் படத்தில் பெரிய டாக்டரே திரும்பிப் பார்த்துவிட்டார். இரண்டாவதில் இருமினார்.

"ஒரு போட்டோவுக்கு இத்தனை பாடாய்யா? சட்டுனு முடிங்க."

போர்வைக்காரர் ஃபில்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நடுவில் இருப்பவர்கள் நன்றாக விழுந்தால் போதும் என்று நினைத்தார். இடது ஓரத்தில் சலவைப் பிரிவுக்காரர்கள் பதினொரு பேர், கடைசியில் அக்கா. பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார்.

ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா அதை ஜன்னலருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களின் சட்டைப் பொத்தான்கள்வரை துல்லியம். ஓரத்தில் பதினொரு நிழல்கள்.

"எங்காளுங்க சிரிப்பா சிரிக்குறாங்கடா. ஊரு துணியெல்லாம் வெளுத்தோம், நம்ம மூஞ்சி மட்டும் வெளுக்கலைன்னு." அக்காவும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கறுப்புதானே, அதான் விழலை. இல்லடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார்.

அந்தப் பதில் அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை. அடுத்த நாள் முழுக்க இருட்டறையில் நின்று, ஓரத்தை வெளுக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பிரதி போட்டுப் பார்த்தார். சாம்பல் பூத்ததே தவிர கண்கள் வரவில்லை. பிலிமில் விழாததை எங்கிருந்து எடுப்பது?

மூன்றாம் நாள் சலவைக் கூடத்துக்கே போனார். ஈரத் துணிகளின் ஆவிக்கு நடுவே அக்கா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கறுப்புங்கறதால இல்லக்கா. போட வேண்டிய கண்ணாடியை நான்தான் கழட்டிட்டேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான். டாக்டர் அவசரப்படுத்தினாரு."

அக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். "நாங்க அங்க நிக்கிறது தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு நான் கேட்டப்போ ஆமான்னியே."

அவர் அடுத்த விரிப்பின் மறுமுனையை எடுத்துப் பிடித்தார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அவங்களும் மூணு நாளா மூஞ்சியத் தடவிப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. போய்ச் சொல்லு."

பத்துப் பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். ஒருத்தி, "எங்களுக்கென்ன, விடுங்கண்ணே" என்றாள். ஒருவர் சலவை எந்திரத்தின் மூடியை அறைந்து சாத்தினார். அந்தக் கோபம்தான் பரவாயில்லை என்று போர்வைக்காரருக்குத் தோன்றியது.

பிறகு பெரிய டாக்டரிடம் போய் மறுபடி எடுக்க வேண்டும் என்றார். "நல்லாத்தானே வந்திருக்கு?" என்றார் டாக்டர். மறுபடி எடுத்த அன்று அவர் வரவில்லை. பழைய கூடத்தைப் பூட்டுவதற்கு முந்தைய நாள் முப்பத்தாறு பேர் வந்தார்கள். போர்வைக்காரர் ஃபில்டரைத் துடைத்து மாட்டினார். ஓரம் நடு என்று பார்க்காமல் நின்ற இடத்திலேயே எல்லோரையும் நிற்கச் சொன்னார். ஒன்றரை விநாடி. இரண்டு பேர் அசைந்து கலங்கலாக விழுந்தார்கள். மற்ற எல்லோரும் தெளிவு.

அந்தப் படம் புதுச் சலவைக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அக்காவின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிகிறது, அவள் சிரிக்கவில்லை. ஃபில்டர் இல்லாமல் எடுத்த படம் ஆஸ்பத்திரி முன்வாசலில், பெரிய சட்டத்துக்குள். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் அவர் பின்வாசல் வழியாகத்தான் போகிறார்.