நியூஸ் ரீலில் வந்த தம்பி

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குப்புசாமிக்கு சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அந்த வாரம் தெருவே பேசியது. பைத்தியமாவது! படம் ஆரம்பிக்கும்போது எழுந்து வந்துவிடுகிற பைத்தியம் எங்காவது உண்டா?

அவர் போனது படத்துக்கு முன்னால் ஓடுகிற நியூஸ் ரீலுக்காக. கொட்டகையில் பாதிப் பேர் பீடி பிடிக்க வெளியே போகிற நேரம் அது. மெட்ராஸ் கடற்கரையைப் பற்றிய துண்டுப் படம். சுண்டல் தின்கிறவர்கள், அலைக்குப் பயந்து புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்கள், அப்புறம் மணலில் கரணம் போடுகிற பயில்வான்கள். ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறி நிற்க, அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சபாபதி. குப்புசாமியின் சொந்தத் தம்பி.

கர்லாக்கட்டை ஆசையில் வீட்டை விட்டுப் போனவன். வருஷக்கணக்கில் ஒரு தகவல் கிடையாது. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். நடுவில் நெய்ய ஒருவர், வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் நாடா தள்ள ஒருவர். தம்பி உட்கார்ந்திருந்த அந்த வலப்பக்கத்தைக் குப்புசாமி யாருக்கும் விடவில்லை. ஒற்றை ஆளாய் நெய்யக்கூடிய சாதாரணப் புடவை நெய்து, அரை வயிறு சாப்பிட்டார். கல்யாணம் கிடையாது, பேச்சுத்துணை கிடையாது. தம்பி திரும்பி வந்தால் எங்கே உட்காருவான் என்கிற ஒரே கவலைதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள், தம்பி முகத்தைக் கிட்டத்தில் பார்க்கத் தரை டிக்கெட் வாங்கித் திரைக்குக் கிட்டே உட்கார்ந்தார். தோள்மேல் ஒருவன் ஏறியதும் சபாபதியின் வாய் அசைந்தது. வர்ணனைக்காரர் எதையோ முழங்கிக்கொண்டிருந்ததால் அவன் பேச்சு கேட்கவில்லை. குப்புசாமிக்குக் கேட்கவும் வேண்டாம். தறியில் நாடாவைத் தள்ளி முடித்ததும் சபாபதி "ஆச்சுண்ணா" என்பான். அதற்கப்புறம்தான் இவர் தறியின் கால்மிதியை அழுத்துவார். அதே உதடு, அதே சொல். பாழாய்ப்போன கால், கொட்டகை மணலைத் தன்னால் அழுத்தியது. திரையிலோ, அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி மேலே இருந்தவன் கைகளை விரித்து நிமிர்ந்தான்.

பக்கத்து வீட்டு வடிவாம்பாள் விஷயத்தைக் கேட்டதும், உடனே பஸ் ஏறிப் போய்த் தம்பியைக் கையோடு கூட்டி வரச் சொன்னாள்.

"போயி இன்னாம்மா கேக்கறது? அவனுக்கு வேற அண்ணன் கெடைச்சிட்டான். தோள்மேல தூக்கி வெச்சிக்கினு நிக்கறான்" என்றார் குப்புசாமி.

அவள் முன்னாலேயே அழுதார், மறைக்கவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன் தம்பி ராஜகோபாலு வேல இல்லாம இருக்கறான்னியே. காலையில வரச் சொல்லும்மா. வலப்பக்கம் எடம் இருக்குது."