மூன்றாம் ஓலை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடமாகிறது. கடைக்குட்டி என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்கா இருந்திருந்தால், "சும்மா புளுகி எழுதாதை" என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோப்பாயில் பிறந்த அக்கா, இருபது வயதுக்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்தார். தையல் மெசினை மிதித்தே அண்ணையையும் என்னையும் படிக்க வைத்தார். எங்கள் பங்குக் கோயிலில் முதல்நன்மை வாங்கிய பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் உடுத்தியது அக்கா தைத்த வெள்ளைச் சட்டைதான்.

எண்பத்து மூன்றில் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. சொந்தமென்று சொல்ல யாருமில்லை. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று. ஆடி மாதம் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு வருவதற்குள் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்த ஞாயிறு பங்குச் சுவாமி ஓலையை எடுத்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"சுவாமி, இண்டைக்கு வாசிக்க வேண்டாம்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் சுவாமி கேட்டார். "உம்மடை கலியாணத்துக்கு நீரே தடை சொல்லுறீரோ, பிள்ளை?"

"தடை இல்லை, சுவாமி. அவர் உயிரோடை இருக்கிறாரோ எண்டு தெரியாமல் அந்த ஓலையைக் கேக்க என்னாலை ஏலாது. ஆண்டவர் அவரைக் கொண்டுவந்து விடுவார். அப்ப வாசியுங்கோ."

இது சுவாமிக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொன்ன பெண் என்ற கதைதான் ஊரெல்லாம் போனது. நான்கு வருடம் கழித்து இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையை அங்கே அகதி முகாமில் கண்டாராம்.

"பொம்பிளை கோயிலிலை எழும்பி நிண்டு மறுத்திட்டா எண்டு ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம். மனம் விட்டுப்போய் வேறை நாட்டுக்குப் போயிட்டார்."

எந்த நாடு என்று வந்தவருக்குத் தெரியவில்லை. அக்கா விம்மி அழுததை அன்றுதான் கண்டேன். மறுநாள் முதல் செபமாலை முடிவில் ஒரே மன்றாட்டு. அவர் வரவேண்டும் என்றுகூட அல்ல. "ஆண்டவரே, நான் மறுக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியப்படுத்தும்."

எனக்கு ஆண்டவர்மேல் கோபம் கோபமாக வரும்.

"அக்கா, ஆண்டவருக்கு எங்கடை விலாசம் மறந்துபோச்சுது போலை."

"உனக்குப் பசிச்ச உடனை சோறு வேகுதோ? அது வேகிற நேரத்துக்குத்தான் வேகும். பேசாமல் செபமாலையை எடு."

பின்னாளில் என் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தார். மூன்றாம் ஞாயிறு என் கையைப் பிடித்தவர் பூசை முடியும்வரை விடவில்லை. பிறகு சண்டைக்கு இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் அக்கா சமைத்தார். "அவருக்கும் எங்கையோ ஆரோ சோறு போட்டிருப்பினம்தானே" என்பார்.

பொருளாதாரத் தடையால் மருந்து கிடைக்காத நாட்களில்தான் அக்காவுக்கு வந்த நோய் முற்றியது. கடைசிக் கிழமை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆண்டவர் என்ரை செபத்தைக் கேக்கேல்லை எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நேரம் வரேல்லை, அவ்வளவுதான்."

அக்காவுக்குக் கடைசி நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமிக்கும், சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடிய அயலவர்களுக்கும், கடதாசித் தட்டுப்பாட்டிலும் இதை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து, கடலும் கடந்து, உறவினர்கள் இருக்கும் நாடுகளுக்குப் போகும். வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நம்மவர்களுக்கும் கொடுங்கள். அப்படிக் கைமாறி அவர் கைக்கும் போகக்கூடும். அக்கா சொன்ன நேரம் இதுதானோ, எனக்குத் தெரியாது. நானும் இப்போது அந்த மன்றாட்டைத்தான் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் அக்கா உங்களை மறுக்கவில்லை.