ஊத்தங்கரை தாண்டி உட்கார்ந்த கார்

வேலூரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். காரின் பின் இருக்கையில் பலகை போட்டு, மெத்தை விரித்து, என் மனைவி கனகத்தைப் படுக்க வைத்திருந்தோம். முதுகெலும்பில் அறுவை முடிந்து மூன்று வாரம். "வழியில் குலுங்கினால் கால் மரத்துப்போகலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கால்விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீடோ பாப்பிரெட்டிப்பட்டியில்.

அதற்காகத்தான் புதுச்சேரியிலிருந்து என் மைத்துனர் தன் பிரெஞ்சுக் காரை அனுப்பியிருந்தார். அதற்கு ஸ்பிரிங் பட்டையே கிடையாது. எஞ்சின் ஓடினால் எண்ணெயின் அழுத்தத்தில் வண்டி தானாக எழும்பி நிற்கும். சாலை மோசமென்றால் ஒரு கம்பியைத் தள்ளி இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தினால் மெல்லத் தரையோடு உட்காரும். திருப்பத்தூர் வரை தொட்டிலில் போவது மாதிரிதான் இருந்தது. அங்கே ஐம்பது பைசா டீ குடித்தேன். அது கூட இறங்கவில்லை.

ஊத்தங்கரை தாண்டியதும் டிரைவர் அந்தோணியின் எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. பின்பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பள்ளத்தில் 'டொக்'கென்று இடித்தது. கனகம் "அம்மா" என்றாள்.

"விரலை அசை, கனகம்."

"அசைக்கிறேங்க. வேலூர்ல இருந்து இதே பாட்டு."

"சார், பிரேக்கும் இதே எண்ணெய்லதான் வேலை செய்யுது" என்றார் அந்தோணி மெதுவாக. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நடை வேகத்தில் ஊர்ந்து, பத்தரை மணிக்கு அரூர் எல்லையில் ஒரு டிராக்டர் பட்டறையைப் பிடித்தோம். தரையில் வெட்டிய பள்ளத்தின் மேல் காரை நிறுத்தினோம். கனகத்தை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. பட்டறைக்காரர் சலீம் பாய் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். பின்சக்கரத்தருகே எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. டிராக்டர் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பொருத்தி, கிளிப் போட்டு இறுக்கினார்.

எண்ணெய்த் தொட்டி காலி. இந்தக் காருக்கான பச்சை எண்ணெய் அந்தோணியிடம் இருந்ததோ கால் டப்பா. அதற்குள் பாய் ஒரு பாட்டிலைத் திறந்து தொட்டிமேல் சாய்க்கப் போனார். அந்தோணி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"ஹைட்ராலிக்னா பிரேக் ஆயில்தானுங்களே? ஜீப்புக்கும் வேனுக்கும் நான் இதைத்தானுங்க ஊத்தறேன்."

"ஒரு சொட்டு போனாலும் உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போயிடும், பாய். இதுக்குப் பச்சை எண்ணெய்தான். பாண்டிச்சேரியிலதான் கிடைக்கும்."

பாய்க்குக் கோபம். "டிராக்டர் கலப்பையைத் தூக்கற எண்ணெய் இருக்குதுங்க. ஊத்தச் சொன்னா ஊத்தறேன். இல்லீனா பாண்டிச்சேரிக்கே போயி வாங்கிட்டு வாங்க."

அது சேருமா என்று அந்தோணிக்கும் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். தவறினால் வழியில் பிரேக் போகும். இங்கேயே கிடந்தால் கனகம் வெயிலில் வேக வேண்டும். 

காருக்குள்ளிருந்து கனகம் சொன்னாள்: "ஏனுங்க, ரெண்டு டம்ளர்ல ரெண்டு எண்ணெயும் எடுத்து, பச்சையைச் சொட்டு விட்டுப் பாருங்க. எதுல பச்சை கலந்துபோகுதோ அதை ஊத்துங்க. இதுக்குப் போயி மூணு ஆம்பளைங்க நின்னுக்கிட்டு!"

விட்டுப் பார்த்தோம். பிரேக் எண்ணெயில் பச்சை, ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய் போலத் தனியாக நின்றது. டிராக்டர் எண்ணெயில் சுவடே இல்லாமல் கரைந்தது. பாய் பிரேக் ஆயில் பாட்டிலை மூடிவைத்தார்.

"வூடு வரைக்கும் தாங்கும் சார். பாண்டி போனதும் மொத்தமா வடிச்சிடறேன்" என்றார் அந்தோணி. ஊற்றி, குழாயில் இருந்த காற்றை ஒரு திருகு வழியாக வெளியேற்றினார். எஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை. என் உயிர் என்னிடத்தில் இல்லை. பிறகு பின்பக்கம் மெல்ல எழுந்தது, முன்பக்கமும் எழுந்தது.

"யா அல்லா! மாடு எந்திரிக்கறாப்புலயே எந்திரிக்குது!" என்று பாய் பின்வாங்கினார்.

பிரேக்கைச் சோதித்த பிறகுதான் புறப்பட்டோம். அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரை, தார்ச்சாலையில் எண்ணெய்க் கோடு விழுகிறதா என்று கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் வாசலில் நிறுத்தியதும் கார் இறங்கியது. "ஐயோ, இறங்குது!" என்று கத்திவிட்டேன்.

"நிறுத்தினா இறங்கத்தானே சார் செய்யும்" என்றார் அந்தோணி.

பலகையோடு கனகத்தைத் தூக்கிப்போய் உள்ளே கிடத்தினோம். காலையிலிருந்து காரில் ஓடிய பலகை இப்போது ஆடாமல் கிடந்தது. ஆடிக்கொண்டிருந்தவன் நான்தான். சாப்பிட்டுவிட்டு அந்தோணி காரோடு போனபின்னும், கார் நின்ற இடத்தில் குந்தி, மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து குரல். ஓடினேன்.

"கார் ஒழுகலைன்னு தெரிஞ்சுதா? இப்ப இதையும் பாத்துக்குங்க."

நான் கேட்காமலே, போர்வையை விலக்கச் சொல்லி, கால்விரல் பத்தையும் அசைத்துக் காட்டினாள். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, அன்று முதல் தடவையாக, வாய்விட்டு அழுதேன்.

"மெதுவா அழுவுங்க" என்றாள். "பலகை குலுங்குது."