ஒரு கரண்டி வாத்துக்கொழுப்பு

லெனர்ட் பொமரான்ட்ஸ் நல்ல மனிதர் என்பதற்கு ஊரில் ஆதாரங்கள் ஏராளம். எல்ம் தெரு யூத ஜெபக்கூடத்தின் கூரை ஒழுகியபோது அவர் நிதிக்காகக் கேக் விற்றார். கொதிகலன் படுத்துவிட்டபோது பிங்கோ ஆடித் தோற்றார். ஆண்டு விருந்தின் ஏலத்துக்கு ஒவ்வொரு முறையும் தன் கண்ணாடிக்கடை சார்பில் ஓர் இலவசக் கண் பரிசோதனையை நன்கொடையாகத் தருவார். யாரும் கேட்காமல் அது மேசையில் அநாதையாகக் கிடக்கும். கடைசியில் மானம் போய்விடக்கூடாதென்று மனைவி ராஸ்லினே அதை ஏலத்தில் எடுப்பாள். ஒஹையோ மாநிலத்திலேயே அதிகம் பரிசோதிக்கப்பட்ட கண்கள் அவளுடையவை.

இப்படிப்பட்டவர் அறுபது தாண்டிய வயதில் குற்றவாளியான வரலாறு இது.

ஹனுக்கா பண்டிகை வந்தால் ஜெபக்கூடத்தில் லட்கே போட்டி நடக்கும். உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம் சேர்த்து, தட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஒரு பண்டத்தில் இத்தனை அரசியல் இருக்குமென்று வெளியாள் நம்பமாட்டார். வருகிறவர்கள் சீட்டு வாங்கிச் சாப்பிட்டு, பிடித்தவருக்கு ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தவருக்குத் தங்கமுலாம் பூசிய கரண்டி. நான்கு வருடங்களாக அந்தக் கரண்டி பல் டாக்டர் ஷெல்டன் விட்கினின் மருத்துவமனை வரவேற்பறையில் தொங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் லெனர்ட் இரண்டு கடைவாய்ப் பற்களின் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் நிதிக்குழுத் தலைவி பெர்னிஸ் டுபின், லட்கேயுடன் மாட்டிறைச்சி விருந்து என்று அறிவித்தாள். இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பது யூத உணவு விதி; இறைச்சி விருந்தென்றால் பாலும் வெண்ணெயும் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. ஆனால் இறைச்சிக் கணக்கில் சேரும் வாத்துக்கொழுப்பு வரலாம். லெனர்டின் மண்டைக்குள் விளக்கெரிந்தது. க்ளீவ்லண்ட் வரை போய், யூத விதிப்படி நடக்கும் கோஷர் கசாப்புக்கடையில் ஒரு சீசா உருக்கிய வாத்துக்கொழுப்பு வாங்கிவந்து, கோட்டுப் பைக்குள் பதுக்கிவைத்தார்.

இதற்கிடையே மாட்டிறைச்சி விலை ஏறிவிட்டது. குழு அவசரமாகக் கூடி, விருந்தைப் பால் விருந்தாக மாற்றியது. மீன், பாலாடைக்கட்டி, லட்கேமேல் போட்டுக்கொள்ளப் புளிப்புக் க்ரீம். பெர்னிஸ் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். பெர்னிஸின் மின்னஞ்சலைத் திறந்தால் ஏதாவதொரு வேலை தலையில் விழும் என்று அறிந்திருந்த லெனர்ட், அதைத் திறக்கவில்லை.

அன்று மாலை சமையலறையில் பாலுக்கான நீல நாடா சுற்றிய வாணலிகள் எடுத்துவைக்கப்பட்டிருந்தன. இறைச்சிக்கான சிவப்பு நாடா வாணலிகள் அலமாரியில் பூட்டுக்குள் இருந்தன. நாற்பது வருடமாக ஊர்ப் பார்வையைத் திருத்திவந்த மனிதருக்கு நீலத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அவர் கவனமெல்லாம் யாரும் பார்க்காமல் ஒரு கரண்டி கொழுப்பை எண்ணெயில் கலப்பதில் இருந்தது.

"என்ன லென்னி, இந்த வருஷமும் ஷூவுக்கு அடித்தோல் தைக்கிறியா?" என்றார் பக்கத்து அடுப்பிலிருந்து ஷெல்டன்.

"தின்னுபாரு. பல்லு போச்சுன்னா நீயே கட்டிக்கலாம், செலவில்ல."

வாசனை கூடம் முழுக்கப் பரவியது. வரிசை வாசல்வரை நீண்டது. அப்போதுதான் பெர்னிஸ் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெர்னிஸ், அது என்ன?"

"புளிப்புக் க்ரீம். ஏன், கண்ணாடி போடலையா?"

"மாட்டிறைச்சி எங்க?"

"மெயில் அனுப்பினேனே லென்னி. ரெண்டு தடவ அனுப்பினேன். கேள்வி கேக்காம போடு, உன் லட்கேக்குதான் கூட்டம் நிக்குது."

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கென்றே வாயும் திறந்தது. ஆனால் பக்கத்து அடுப்பில் வரிசையே இல்லாமல் நின்ற ஷெல்டனின் முகத்தைப் பார்த்ததும், திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

வரிசையின் முன்னால் கல்மன் ப்ராட்கின் வந்து நின்றார். பெலாரஸின் ஹோமெல் ஊரிலிருந்து வந்த தையல்காரர், எண்பது கடந்தவர், தன் வீட்டுச் சமையலறை தவிர எதையும் நம்பாதவர். எந்த விருந்துக்கு வந்தாலும் பாக்கெட்டிலிருந்து ஒரு மத்தி டின்னை எடுத்து, வாசலோர மேசையில் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார். அவரை ஊரோடு உட்காரவைக்க ஜெபக்கூடத்தின் மதகுரு ரப்பி மெல்னிக் ஒரு வருடம் பாடுபட்டிருந்தார். "இந்தச் சமையலறைக்கு நான் பொறுப்பு, மிஸ்டர் ப்ராட்கின்" என்று கையைப் பிடித்து உறுதி சொல்லியிருந்தார். அன்றுதான் கிழவர் முதன்முறையாக டின் இல்லாமல் வந்திருந்தார்.

"கண்ணாடிக்காரா, ஒண்ணு போடு."

"மிஸ்டர் ப்ராட்கின், ஷெல்டனோடத சாப்பிட்டுப் பாருங்களேன். அவன் இதுல கில்லாடி." லெனர்டின் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அது.

"அவன் பல்லப் புடுங்கட்டும். உன்னுதுதான் வாசன இழுக்குது."

கிழவர் க்ரீமைத் தாராளமாக அள்ளிப் போட்டுக் கடித்தார். கண்ணை மூடினார். பிறகு இன்னொன்று கேட்டார். அப்புறம் இன்னொன்று. தட்டோடு நடு மேசையில் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களிடம் ஏதோ கதை சொல்லிச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

லெனர்ட் ஜெயித்தார். மறுநாள் காலை தங்கக் கரண்டியை எதிரே வைத்துக்கொண்டு ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சவன் மூஞ்சியா இது?" என்றாள் ராஸ்லின்.

சொன்னார். அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ போட்ட?"

"ஒரு கரண்டி."

"லென்னி."

"ரெண்டு."

"போய் ரப்பிகிட்ட சொல்லு. முதல்ல மூஞ்சிய கழுவிட்டுப் போ."

திட்டு வாங்கியாவது பாரம் குறையட்டும் என்று போனார். ரப்பி திட்டவில்லை. "தெரியாம ஆரம்பிச்சீங்க. தெரிஞ்சப்புறம் ஏன் நிறுத்தல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு லெனர்டிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லும்படியாக இல்லை.

"பால் பாத்திரத்துல கொழுப்பு பட்டுடுச்சு, எல்லாத்தையும் கொதிக்க வெச்சு சுத்தம் பண்ணி எடுக்கணும். வாணலிய நெருப்புல காட்டணும். உங்க பேரு வெளிய வராது" என்றார் ரப்பி. "ஆனா ப்ராட்கின்கிட்ட நீங்களே சொல்லணும். அவர் என் வார்த்தைய நம்பிச் சாப்பிட்டவர்."

சமையலறையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்ற செய்தி பெர்னிஸுக்குப் போனது. அவள் கண் கலங்கவில்லை, மின்னியது. பாத்திரச் சுத்திகரிப்பையே நிதி திரட்டும் விழாவாக்கினாள்: பாத்திரம் ஒன்றுக்கு ஒரு குடும்பம் நன்கொடை, வாணலிக்குத் தனி விகிதம், வந்தவர்களுக்குச் சூடான கோகோ. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தின் பின்முற்றத்தில், பனியில், லட்கே போட்டிக்கு வந்ததைவிடப் பெரிய கூட்டம் பாத்திரங்களைக் கொதிக்கவைத்த கொப்பரையைச் சுற்றி நின்றது. வருடக்கணக்கில் பேசாதவர்கள் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பானை தூக்கினார்கள். கொப்பரைப் பொறுப்பாளராக, உண்மையாக உழைக்கக்கூடியவர் என்று, லெனர்டை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கக் கரண்டியை அவர் திருப்பிக் கொடுத்தார். பெர்னிஸ் அதைப் பெருந்தன்மை என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தாள்.

"எந்த முட்டாள் இதப் பண்ணானோ, அவன் கைய முத்தமிடணும்" என்று ஷெல்டன் லெனர்டின் முதுகில் தட்டினார்.

முற்றத்தின் ஓரத்து பெஞ்சில் ப்ராட்கின் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் மத்தி டின். அதைப் பார்த்ததும் லெனர்ட் கொப்பரையைப் பக்கத்திலிருந்தவரிடம் ஒப்படைத்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ்டர் ப்ராட்கின், அன்னிக்கு நீங்க சாப்பிட்ட லட்கேல வாத்துக்கொழுப்பு இருந்துச்சு. போட்டது நான்தான்."

கிழவர் டின்னின் மூடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தெரியும்."

"ரப்பி சொன்னாரா?"

"ரப்பி எதுக்கு? முதல் வாயிலயே தெரிஞ்சிடுச்சு. ஹோமெல்ல எங்க வீட்டு லட்கேக்கு அதே ருசி. அந்த ருசி இனிமே கெடைக்காதுன்னு நெனச்சிருந்தேன்."

லெனர்டுக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. "முதல் வாயிலயா? நீங்க மூணு சாப்பிட்டீங்களே. க்ரீமோட."

"க்ரீம் இல்லாம யாருடா லட்கே தின்பான்?" கிழவர் குரலைத் தாழ்த்தினார். "முதல் வாய் உன் பாவம். மேல இருக்கறவன்கிட்ட நீ பேசிக்க. மிச்சமெல்லாம் என் பாவம். இத யார்கிட்டயும் சொல்லிவெக்காத. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

அவர் முள்கரண்டியில் ஒரு மத்தியைக் குத்தி நீட்டினார். லெனர்ட் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கொப்பரையைப் பார்க்க வந்த ரப்பி, பெஞ்சருகே நின்று லெனர்டின் காதோடு கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன், ரப்பி."

"என்ன சொன்னார்?"

லெனர்ட் ப்ராட்கினைப் பார்த்தார். ப்ராட்கின் மத்தியைப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டார்."

"எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று ரப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். ஒரு பாவத்தை இறக்கிவைக்க வந்த லெனர்ட், இப்போது தன்னுடையது, கிழவருடையது, ரப்பியிடம் மறைத்தது என்று மூன்றைச் சுமந்துகொண்டு, கொதிக்கிற கொப்பரையை நோக்கி நடந்தார்.