எஸ் இல்லாத ஸ்பானிஷ்

மேசைமேல் கைக்குட்டையை விரித்து, ஒரு டார்ச் லைட், ஒரு சீப்பு, ஒரு பூட்டு, ஓடாத அலாரக் கடிகாரம், இரண்டு கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார் கலந்தர். மூன்றாம் வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. கடை தயாரானதும் இரண்டு கைகளையும் விரித்து, "பாஸே, பாஸே" என்கிறார். உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். முதல் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து, கடிகாரத்தைக் காட்டி, "குவாந்தோ?" என்று விலை கேட்கிறாள். கலந்தர் சொல்கிற விலையைக் கேட்டு அவள் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பாடம்தான். வைக்காதவர்களை அவர் திரும்ப அனுப்பிவிடுவார்.

வேறு விதமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியாது. மீசை அரும்பிய வயதில் நாகூரிலிருந்து கிளம்பி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில், துறைமுகத்தை ஒட்டிய ரேடியோ கடையில் விற்பனைக்கு நின்றவர். கப்பலிலிருந்து இறங்குகிறவனை வெறுங்கையோடு திரும்பவிடக் கூடாது என்பதுதான் அவர் படித்த இலக்கணம். முதலாளி கடையை மூடியபோது தலை நரைத்து ஊருக்கு வந்தார். பூக்களுக்கும் பறவைகளுக்கும் ஸ்பானிஷில் என்ன பெயர் என்று கேட்டால் விழிப்பார். பேட்டரி தனி, ரசீது இல்லாமல் மாற்றித்தர முடியாது, தொட்டால் வாங்கியாக வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். திருவாரூர் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியின் எட்டு வயதுப் பிள்ளைகளும் இப்போது சொல்வார்கள்.

அவரைப் பிடித்து வந்தவர் பள்ளித் தாளாளர் ரெத்தினம். அரிசி ஆலைக்காரர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ரோபோ வகுப்பு தொடங்கியதிலிருந்து அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் நாகூர் டீக்கடையில் கலந்தர் யாருடனோ போனில் புரியாத மொழியில் சிரித்துப் பேசியதைக் கேட்டார்.

"அது என்ன பாஷை பாய்?"

"ஸ்பானிஷ்ங்க."

"புள்ளைங்களுக்கு வருமா?"

"எனக்கே வந்துச்சே."

அடுத்த வாரம் பள்ளி வாசலில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. ஸ்பானிஷ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு காளை படம். அச்சடித்தவரிடம் இருந்தது ஜல்லிக்கட்டுக் காளைதான்.

சிக்கல் வளவன் வழியாக வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர். மகள் எழில்மொழி படித்துவந்த ஸ்பானிஷை, மொழி சொல்லித்தரும் செயலி ஒன்றில் பேசவிட்டுப் பார்த்திருக்கிறார். போன் ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்புக் கோடு போட்டது. போனும் கையுமாகத் தாளாளர் அறைக்கு வந்துவிட்டார். கலந்தரையும் கூப்பிட்டார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். இதுல நன்றி சொல்லுங்க."

"கிராசியா" என்றார் கலந்தர்.

சிவப்பு. சற்று உரக்கச் சொன்னார். சிவப்பு. பிறகு போனே ஒரு பெண் குரலில், "கிராசியாஸ்" என்று சொல்லிக்கொடுத்தது.

"மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதே பாய்" என்றார் ரெத்தினம்.

"இத்தனை வருசத்துல கடைக்கு வந்த ஒரு ஆளும் புரியலன்னு சொன்னதில்லங்க."

"நீங்க சொல்றது சரி. ஆனா பீஸ் கட்டுறவங்க மெஷினைத்தான நம்புறாங்க. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க."

பஸ்ஸில் வரும்போது கலந்தர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். எஸ் வந்தது. ஆனால் தனியாக, கொஞ்சம் தாமதமாக, கூப்பிடாத விருந்தாளிபோல வந்தது. வீட்டில் மனைவி ஆசியா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுக்குச் சொல் எஸ்ஸுன்னு ஒரு வால் வேணுமாம். இந்த வயசுல வால் மொளைக்கிற மாதிரி இருக்கு ஆசியா."

"பள்ளிக்கூடத்துல வால் கேட்டா குடுத்துட்டுப் போங்களேன்."

கலந்தர் தீவுக்குப் போன் போட்டார். எடுத்தவள் காந்தெலாரியா. ரேடியோ கடைக்கு அடுத்த பழக்கடைக்காரி. சைகையிலேயே பிழைத்துக்கொண்டிருந்தவரைத் திட்டித் திட்டிப் பேச வைத்தவள் அவள்தான். விஷயத்தைக் கேட்டு நெடுநேரம் சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் கலந்தர் ஆசியா பக்கம் திரும்பினார்.

"எஸ்ஸை முழுங்குறது தீவுக்காரங்க பழக்கமாம். அந்தம்மாவும் முழுங்குறாங்க. எனக்கு அது இருக்குறதே தெரியல."

"அப்ப நீங்க சொன்னது தப்பா?"

"தப்பு இல்ல. ஆனா புஸ்தகத்துல இருக்கறது வேற."

சனிக்கிழமை கூட்டத்தில் இதையே எழுந்து நின்று சொன்னார். தான் கடையில் கற்றது தீவுப் பேச்சு, புத்தகப் பேச்சை இனிமேல்தான் தானும் படிக்க வேண்டும் என்றார்.

வளவன் கேட்டார்: "அப்ப எம்பொண்ணு எதைப் படிக்கணும் பாய்?"

"பரீட்சைக்கு எஸ்ஸோட படிக்கட்டும் தம்பி. அங்க போனா, போன எடத்துல எப்படிப் பேசுறாங்களோ அப்படிப் பேசிக்கட்டும்."

"ரெண்டையுமே சொல்லிக் குடுங்க" என்றார் ரெத்தினம். "சம்பளம் ஒண்ணுதான்."

எஸ் வருவதற்கு வகுப்பில் எதிர்ப்பே இல்லை. "இன்னும் மலிவாக" என்பதற்கு அதுவரை "மா பராத்தோ" என்று சொல்லிவந்தவர்கள், அது "மாஸ் பராத்தோ" என்று தெரிந்ததும் பெஞ்சில் ஏறி நின்றார்கள். ஸ்பானிஷில் மாஸ் இருக்கிறது என்ற செய்தி இரண்டாம் வகுப்புவரை போனது. கத்தரிக்காய்க்குக்கூட எஸ் போட்டார்கள். கலந்தர் இரவல் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடைசிப் பீரியடில் காந்தெலாரியாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அங்கே காலை வியாபார நேரம். எழில்மொழி வாழைப்பழம் விலை கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விலை வந்தது. மொத்த வகுப்பும் நெஞ்சில் கை வைத்து, "மாஸ் பராத்தோ" என்று கத்தியது. கிழவி கடகடவென்று சிரித்தாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள்போலப் பேசுகிறார்களே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கலந்தருக்கு மட்டும் வேகமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சார் சொல்றாங்க?" என்று கேட்டாள் எழில்மொழி.

"கடையை வித்துட்டாங்களாம். இந்த மாசத்தோட மூடுறாங்க."

"நல்ல வெலைக்குப் போச்சா சார்?"

"கேக்கலம்மா."

போனிலிருந்து, "ஆதியோ" என்று குரல் வந்தது. போய்வருகிறேன் என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல். பிள்ளைகள் நீளமான எஸ்ஸோடு பதில் சொன்னார்கள். இணைப்பு அறுந்தது.

கலந்தர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அன்றைய பாடமாக அவரே எழுதிய "ஆதியோஸ்" அங்கே இருந்தது. கட்டைவிரலால் அதன் கடைசி எழுத்தை மட்டும் துடைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்து, எஸ்ஸை மறுபடி எழுதினார்.