சிவப்பில் பச்சை எழுத்து

அச்சகத்தில் மஞ்சள் மை டப்பாவைத் திறந்ததும் இருக்கன்குடிக் கோயில் வாசல் நினைவுக்கு வந்தது. சிறுமியாக அங்கே புது மஞ்சள் பாவாடையில் நின்றிருந்தேன்.

"கருவாச்சிக்கு மஞ்சள் என்னத்துக்கு?" என்ற அத்தை, அதைக் கழற்ற வைத்துத் தன் மகளுக்குக் கட்டிவிட்டாள். அம்மா பழைய பாவாடையை எடுத்து எனக்குக் கட்டினாள்.

கருமையின் பக்கத்தில்தான் மஞ்சள் அதிகம் சுடரும் என்பதை டிசைன் படித்தபோது அறிந்தேன். ஆத்திரம் இரட்டிப்பானது.

போன வாரம் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்காக அத்தை என்னிடம் வந்தாள்.

"சிவப்புல பச்சை எழுத்தாப் போடு. எடுப்பா இருக்கும்."

ஒரே அடர்த்தியில் அவை சேர்ந்தால் எழுத்து துடிக்கும், கண் கூசும். நான் சொல்லவில்லை. கேட்டபடியே அடித்துக் கொடுத்தேன்.

இப்போது போனில் அலறுகிறாள். "ஏட்டி, ஊரெல்லாம் குடுத்தாச்சு. ஒருத்தராலயும் வாசிக்க முடியலையாம்!"

"நீங்க கேட்ட கலர்தான், அத்தை," என்றேன், நிதானமாக.